எதுக்குங்க பறக்குது?

1955-ல் பிரான்சில் பறந்த அலுவெட் 2 ஹெலிகாப்டரை எனக்குப் பிடிக்கும். எடை குறைந்த டர்பைன் இன்ஜின். அதனால் உயரமான மலையிலும் வேலை செய்தது. 1957 ஜனவரியில் மோன் பிளாங்க் பனியில் சிக்கிய மீட்புக் குழுவினரைக் கீழே கொண்டுவந்தது அதுதான். பிறகு பயிருக்கு மருந்தடிக்கவும் அதையே அனுப்பினார்கள். மருந்தாம்!

வங்கியில் கடன் கேட்டு வருபவரிடம் முதலில் "எதுக்குங்க?" என்போம். இயந்திரத்திடமும் என் கேள்வி அதேதான். மேலேயிருந்து தெளித்தால், காற்றடிக்கிற பக்கமெல்லாம் விஷமும் போகும். காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் 20 வருஷத்துக்கும் மேலாக ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்களே, அந்த ஊர்ப் பிள்ளைகள் பட்ட பாடு தெரியும்தானே?

இப்போ ட்ரோன் வாடகைக்கு வருது. பக்கத்து வயலுக்கு வருகிற அன்னைக்குக் கிணற்றை மூடிடுங்க; மாட்டையும் அவிழ்த்து விடாதீங்க.