படிக்கிற பிள்ளைக்கு செல்போன் மட்டும் போதுமா?

"கையிலேயே ஸ்மார்ட்போன் இருக்கிறது, இன்னும் கம்ப்யூட்டர் எதற்கு?" பெரம்பலூர், அரியலூர் பக்கம் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோர் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பட்டா பார்க்கவும் கரண்ட் பில் கட்டவும் போன் போதும். 2018-ல் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்ததே, அதுபோன்ற சமயத்தில் வயலில் நின்றபடியே போட்டோ எடுத்து அனுப்ப லேப்டாப்பால் ஆகுமா? தமிழில் பேசியே டைப் செய்ய வேண்டுமென்றாலும் என் ஓட்டு போனுக்குத்தான்.

ஆனால் படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில், இரண்டாவது ஸ்மார்ட்போன் வாங்கும் பணத்தில் ஒரு பழைய லேப்டாப்பாவது வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்ஜினியரிங் கவுன்சலிங்கையே எடுத்துக்கொள்வோம். 2017 வரை சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போக வேண்டும். 2018-ல் பொதுப்பிரிவு கவுன்சலிங் ஆன்லைனுக்கு மாறியது. பஸ் செலவு மிச்சம், நல்லதுதான். ஆனால் பட்டியலை வரிசைப்படுத்துவது நம் பொறுப்பு. நூற்றுக்கணக்கான கல்லூரிகள். ஒரே மாதிரி பெயர்கள் வேறு! கல்லூரி கோடு, பிராஞ்ச் கோடு பார்த்து, எது முதலில் வேண்டுமோ அதை மேலே வைக்க வேண்டும். சுமாரான கல்லூரியைத் தவறி மேலே வைத்துவிட்டால், கீழே இருக்கும் நல்ல கல்லூரியில் இடம் இருந்தாலும் கிடைக்காது.

கம்ப்யூட்டர் என்றால் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் கோடு, போன வருட கட்-ஆஃப், ஃபீஸ், வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று நான்கு காலம் போட்டு, விருப்பப்படி சார்ட் செய்யலாம். ஒரு பக்கம் கட்-ஆஃப் பிடிஎஃப், மறுபக்கம் நம் பட்டியல். போன் திரையில் ஒன்றைப் பார்க்கும்போது இன்னொன்று மறைந்துவிடும். கடைசியில் என்ன நடக்கிறது? பிரவுசிங் சென்டரில் வரிசையில் நின்று, யூசர் நேம், பாஸ்வேர்டு இரண்டையும் அங்கிருப்பவரிடம் சொல்கிறோம். பின்னால் பத்துப் பேர் காத்திருக்கும்போது அவரும்தான் என்ன செய்வார்? "இருபது சாய்ஸ் போதும் தம்பி" என்று முடித்துவிடுகிறார். நான்கு வருடப் படிப்பு பத்து நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது.

இன்னொன்று. போனில் ஃபைல் எங்கே போய் உட்கார்கிறது என்றே பல மாணவர்களுக்குத் தெரிவதில்லை. 2011-ல் தொடங்கிய அரசு லேப்டாப் திட்டத்தில் என் வயதுக்காரர்களுக்கு லேப்டாப் கிடைத்தபோது, "எல்லோரும் சினிமாதான் பார்க்கிறார்கள்" என்று கேலி பேசினார்கள். பார்த்தோம்தான்! அந்தப் படத்தைக் காப்பி செய்யப் போய்த்தான் ஃபோல்டர், பென் டிரைவ் ஃபார்மேட், கோடெக் எல்லாம் தெரிந்தது. நான் சி புரோகிராம் எழுதிப் பழகியதும் அதே லேப்டாப்பில்தான்.

2025 மார்ச் தமிழக பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி தருவதாக அறிவித்தார்கள். அப்படித் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு எப்போது வந்தாலும் மடிக்கணினியைக் கேளுங்கள். கைக்கணினி பெரிய சைஸ் போன், அவ்வளவுதான்.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் பளபளப்பைப் பார்க்காமல் 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாக் கீயையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுங்கள். பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கினால் போதும். பரணில் பழைய அரசு லேப்டாப் கிடந்தால், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டி, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். இன்டர்நெட்டுக்குத் தனி இணைப்பு வேண்டாம், போன் ஹாட்ஸ்பாட் போதும். விண்டோஸ் என்றால் அந்த வைஃபையை மீட்டர்டு கனெக்‌ஷன் என்று செட் செய்துவிடுங்கள். இல்லையென்றால் அப்டேட்டே அன்றைய டேட்டாவைத் தின்றுவிடும்.