ஒரே தட்டில் ஒரு குடும்பம்

'கேஸரோல்' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது, சப்பாத்தியை ஆறாமல் மூடி வைக்கும் பிளாஸ்டிக் டப்பாதான். கல்யாணத்துக்குக் கல்யாணம் மூன்று நான்காகப் பரிசு வந்து, பரண்மீது ஏறி உட்கார்ந்திருக்கும் அந்த வஸ்துவைப் பற்றி நாம் இந்த வாரம் எழுதப் போவதில்லை. அமெரிக்கர்கள் அச்சொல்லை வேறு பொருளில் வழங்குகிறார்கள். ஓவனில் வைப்பதற்கென்று உள்ள ஆழமான தட்டுக்கும் அந்தப் பெயர். அதில் வெந்து, தட்டோடேயே மேஜைக்கு வந்து சேரும் உணவுக்கும் அதே பெயர். அவற்றுள் அந்நாட்டுச் சாதாரணக் குடும்பங்களுக்கு மிகவும் பழகிப்போனது டூனா மீனும் நூடுல்ஸும் சேர்ந்த கேஸரோல். மரக்கறி உணவுக்காரர்களான நேயர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். அவர்களுக்கும் ஒரு வழி பின்னால் வருகிறது.

இதை நாம் கண்டது சென்ற கோடை விடுமுறையில். நமது தமக்கையின் மகள், கணவனுடன் மினஸோட்டா மாகாணத்தில் குடியிருக்கிறாள். அவளுடைய இரண்டாவது பிரசவத்துக்குத் தாயார் வந்து துணையிருப்பதாக ஏற்பாடு. ஆனால் அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன் தமக்கை காலமாகிவிட்டாள். ஆகவே பள்ளிக்கூடம் மூடியதும் நாமும் நமது மனைவியும் புறப்பட்டுப் போனோம். போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் நமது மனைவி வாசற்படியில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டாள். பிறந்து பன்னிரண்டு நாளான சிசு ஒருபுறம்; சோறு என்றால் வாயைப் பொத்திக்கொள்ளும் நான்கு வயதுப் பையன் ஒருபுறம்; மாப்பிள்ளையோ காலை ஏழு மணிக்கே உத்தியோகத்துக்குப் போய்விடுவார். சமையலறை ராஜ்யபாரம் நமது தலையில் வந்து விழுந்தது. இருபது வருஷம் கரும்பலகைக்கு முன் நின்றவருக்கு அடுப்புக்கு முன் நிற்பது என்ன பிரமாதம் என்று தைரியமாக இறங்கினோம். நாம் வைத்த ரசத்தைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதிலிருந்தே அவர்களுடைய அபிப்பிராயம் விளங்கிவிட்டது.

மூன்றாம் நாள் மாலை, அடுத்த வீட்டு அம்மாள் கதவைத் தட்டினார். எழுபது வயது கடந்தவர். ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் துணியால் சுற்றிய கண்ணாடித் தட்டு ஒன்று. அதன் அடிப்புறத்தில் காகிதப் பட்டை ஒட்டித் தமது பெயரை எழுதியிருந்தார். "பாத்திரத்துக்கு அவசரமில்லை" என்று சொல்லி நமது கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பிள்ளைப்பேறு, மரணம், நோய் என்று எது நேர்ந்தாலும் அந்தப் பிரதேசத்தில் அக்கம்பக்கத்தார் இப்படி ஒரு தட்டைக் கொண்டுவந்து கொடுப்பது வழக்கமாம். அங்கே இதற்குக் கேஸரோல் என்ற பெயர்கூட இல்லை; 'ஹாட் டிஷ்' என்பார்கள். மங்கேட்டோ என்ற ஊரில் லூதரன் சர்ச்சைச் சேர்ந்த பெண்கள் 1930-ல் வெளியிட்ட சமையல் புத்தகத்திலேயே அப்பெயர் அச்சேறியிருக்கிறது.

துணியைப் பிரித்தோம். மேலே பொன்னிறமாக முறுகிய ரொட்டித்தூள். உள்ளே பாலும் வெண்ணெயும் மணக்க, பட்டையான நூடுல்ஸ். இடையிடையே பச்சைப் பட்டாணி. பையன் எட்டிப் பார்த்தான். ஒரு பட்டாணியைப் பொறுக்கித் தின்றான். பிறகு தட்டை நீட்டினான். மறுபடியும் நீட்டினான். நாம் மகிழ்ந்துபோய்த் திரும்பிப் பார்த்தால், மருமகளின் கண்களில் நீர்.

"மாமா, அம்மா இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா? என் பிள்ளை அடுத்த வீட்டுச் சாப்பாட்டைத் தின்றுதானா பசியாற வேண்டும்?" என்றாள்.

நமக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் காலை நோட்டுப் புத்தகமும் பென்ஸிலுமாக அடுத்த வீட்டுக்குப் போனோம்.

இந்தப் பதார்த்தத்துக்குச் சொந்த நாட்டிலேயே மரியாதை குறைவு. ஏழைக் குடும்பத்து இரவுச் சாப்பாடு, டப்பாவைத் திறக்கத் தெரிந்தவர்களின் சமையல் என்றெல்லாம் கேலி செய்வோர் உண்டு. அது உருவான விதத்தைப் பார்த்தால் கேலிக்கு இடமில்லை. 1903-ல் தென் கலிபோர்னியாக் கடலில் மத்தி மீன் சரியாகக் கிடைக்காமல் போயிற்று. டப்பாக்களில் அடைக்க வேறு மீன் தேடிய ஆல்பர்ட் ஹாஃப்ஹில் என்பவர், அதுவரை அவ்வளவாக மதிப்பில்லாதிருந்த டூனாவை வேக வைத்து அடைத்து விற்றார். அதற்குப் பத்து வருஷம் கழித்து, 1913-ல், நியூயார்க் மாகாணத்துக் கார்னிங் நகரில் பெஸ்ஸி லிட்டில்டன் என்ற குடும்பஸ்திரீ, தம் வீட்டு மண்தட்டு உடைந்துபோகவே, கண்ணாடித் தொழிற்சாலையில் விஞ்ஞானியாக இருந்த கணவரிடம், "உங்கள் கண்ணாடியைக் கொண்டுவாருங்கள், பார்க்கலாம்" என்ற தோரணையில் கேட்டுவிட்டார். அவர் பாட்டரி ஜாடியின் அடிப்பகுதியை அறுத்துக் கொண்டுவந்தார். அம்மையார் அதிலே கேக் சுட்டுக் காட்டினார். 1915-ல் 'பைரெக்ஸ்' கண்ணாடித் தட்டுகள் கடைக்கு வந்தன. 1934-ல் காம்ப்பெல் கம்பெனி காளான் ஸூப்பை டப்பாவில் கெட்டியாக அடைத்து விற்க ஆரம்பித்தது. அது பொருளாதார மந்தத்தால் லட்சக்கணக்கானோர் வேலையிழந்து நின்ற காலம். டப்பா மீன், டப்பா ஸூப், மலிவான நூடுல்ஸ் மூன்றும் ஒரு கண்ணாடித் தட்டில் சேர்ந்தால் ஆறு பேருக்கு ஒரு வேளை வயிறு நிறையும். மினஸோட்டாவில் லூதரன் சர்ச்சுக் கூட்டங்களுக்கு வந்த தட்டுகளில் பெரும்பாலானவற்றைச் சேர்த்துப் பிடித்தது இந்த ஸூப்தான் என்பதால், அதற்கு 'லூதரன் பசை' என்றே வேடிக்கைப் பெயர் வைத்துவிட்டார்கள்!

டப்பா ஸூப் நமக்கு ஒப்பவில்லை. உப்பு அதிகம், அத்துடன், வீட்டில் பத்து நிமிஷத்தில் ஆகக்கூடியதைக் கடையில் வாங்குவானேன் என்ற நமது பழைய பிடிவாதமும் சேர்ந்துகொண்டது. அதை அந்த அம்மாளிடம் சொல்லியும் விட்டோம்.

அவர் சிரித்தார். "நான் ராத்திரி முறை வேலை பார்த்துக்கொண்டு மூன்று பிள்ளைகளை வளர்த்தேன். அந்தப் பத்து நிமிஷம் என்னிடம் இருந்ததில்லை. உங்களிடம் இருந்தால் பாலும் வெண்ணெயும் வைத்துச் செய்யுங்கள். ருசி அதில்தான் அதிகம். டப்பாவை மட்டும் வையாதீர்கள்" என்றார். வகுப்பில் தவறான விடை சொல்லி நின்ற மாணவனைப் போலச் சற்று நேரம் நின்றோம்.

அவர் கற்றுக் கொடுத்தபடி ஆறு பேருக்கான முறை இது. முட்டை சேர்த்த பட்டை நூடுல்ஸ் 250 கிராம், 142 கிராம் டூனா டப்பா இரண்டு, பால் 700 மில்லி, வெண்ணெய் 60 கிராம், மைதா நான்கு மேஜைக் கரண்டி, துருவிய சீஸ் 100 கிராம், பச்சைப் பட்டாணி ஒரு கோப்பை, காளான் 200 கிராம், ஒரு வெங்காயம், மேலே தூவ ரொட்டித்தூள்.

வெங்காயத்தையும் காளானையும் பொடியாக நறுக்கிச் சிறிது வெண்ணெயில் நீர் சுண்டும்வரை வதக்கித் தனியே வைத்துவிட வேண்டும். காளானின் நீர் சுண்டாவிட்டால் பின்னால் தட்டில் குளம் கட்டும். அடுத்தது வெள்ளை ஸாஸ். வித்தையெல்லாம் இதில்தான் இருக்கிறது. மைதாவை நேரே சூடான பாலில் கொட்டினால் கட்டி தட்டிப்போகும். வெளிப்புறத்து மாவு முதலில் ஈரத்தை இழுத்துப் பசையாகி, உள்ளே இருக்கும் மாவை உலர்ந்தபடியே பூட்டிவிடுவதே காரணம். மீதி வெண்ணெயை உருக்கி, அதில் மைதாவை நிறம் மாறாமல் இரண்டு நிமிஷம் வறுத்தால், ஒவ்வொரு துகளையும் வெண்ணெய் சூழ்ந்துகொள்ளும், ஒன்றோடொன்று ஒட்டாது. பிறகு பாலைக் கொஞ்சங் கொஞ்சமாக விட்டு, கை ஓயாமல் கிளற வேண்டும். கொதி வந்ததும் மாவு ஊதிப் பால் கெட்டிப்படும். கரண்டியின் பின்புறத்தில் விரலால் கோடு இழுத்தால் கோடு நிற்கும் பதம் போதும். அடுப்பை அணைத்துவிட்டுச் சீஸில் முக்கால் பங்கையும், உப்பு, மிளகுத்தூளையும் சேர்க்கலாம்.

நூடுல்ஸை உறையில் குறித்துள்ள நேரத்துக்கு இரண்டு நிமிஷம் முன்பாகவே வடித்துவிட வேண்டும். முதல் தடவை நாம் இதை அலட்சியம் செய்தோம். நன்றாகக் குழைய வேக வைத்து, ஸாஸையும் கூழாக இறுக்கிவிட்டோம். ஓவனுக்குள்ளேயும் நூடுல்ஸ் பாலைக் குடித்துக்கொண்டே இருக்கும் என்பதை யார் கண்டது? வெளியே வந்ததைக் கத்தியால் அறுத்துப் பரிமாற வேண்டியதாயிற்று. மாப்பிள்ளை மிகுந்த மரியாதையுடன் ஒரு செங்கல்லை முழுதும் சாப்பிட்டார்.

டப்பா மீன் முன்பே வெந்தது. நீரை வடித்து, பெரிய துண்டுகளாகவே உதிர்த்துச் சேர்த்தால் போதும். எல்லாவற்றையும் கலந்து தட்டில் பரப்பி, மீதிச் சீஸையும் வெண்ணெயில் பிசறிய ரொட்டித்தூளையும் தூவி, 190 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் 25 நிமிஷம் வைக்க வேண்டும். ஓரங்களில் குமிழி வந்தால் எடுத்துவிடலாம். உருளைக்கிழங்கு வறுவலை நொறுக்கித் தூவுவோரும் உண்டு. பையனின் கட்சி அதுதான். மீன் வேண்டாதவர்கள், முட்டை சேராத கோதுமை மாக்கரோனியுடன் காளானை இரட்டிப்பாக்கி, வேக வைத்த கொண்டைக்கடலையைச் சேர்த்துக்கொள்ளலாம். அப்படியும் ஒரு நாள் செய்து பார்த்தோம். குறை ஒன்றும் தெரியவில்லை.

ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும். பெரிய கடல்மீன்களின் உடலில் பாதரசம் சேர்கிறது. 'அல்பகோர்' என்ற வெள்ளை டூனாவில், 'லைட்' என்று குறித்து விற்பதைவிட அது ஏறக்குறைய மூன்று மடங்கு. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் 'லைட்' டூனாவை வாரத்துக்கு இரண்டு மூன்று வேளை உண்ணலாம் என்றும், வெள்ளை டூனாவை ஒரு வேளையோடு நிறுத்த வேண்டும் என்றும் அந்நாட்டுச் சர்க்கார் இலாகாக்கள் ஆலோசனை கூறுகின்றன. ஒரு வேளை என்பது சுமார் 113 கிராம். நமது தட்டில் தலைக்கு 40 கிராமுக்கும் குறைவாகவே வருகிறது. ஆயினும் 'லைட்' டப்பாவையே வாங்கினோம்.

அந்த டப்பாவைத் திறந்தபோது எழுந்த வாசனை, தூத்துக்குடியில் பிறந்த நமக்குப் புதிதாக இல்லை. டூனா என்பது நம் கடற்கரையின் சூரை மீன்தானே! அதை வேக வைத்து, புகையிலிட்டு, மரக்கட்டை போல உலர்த்தியதே மாலத்தீவு மாசி. தமக்கை அந்த மாசியை இடித்துச் சம்பல் செய்து, சிறுவனான நமக்கு உருண்டை பிடித்துக் கொடுத்த நாட்கள் நினைவுக்கு வந்தன. இதை மருமகளிடம் சொன்னோம். அவள் டப்பாவை வாங்கி மோந்து பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. ஆனால் அன்றைய ஸாஸை அவள்தான் கிளறினாள்.

நாங்கள் ஊர் திரும்புவதற்கு இரண்டு நாள் முன், அடுத்த வீட்டுத் தட்டைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு நாம் கிளம்பினோம். மருமகள் வழிமறித்தாள். "வெறும் பாத்திரத்தையா கொடுப்பது, மாமா? அம்மா இருந்தால் விடுவாளா?" என்று சொல்லி, தாயாரின் பக்குவப்படி தானே சர்க்கரைப் பொங்கல் கிண்டி, அந்தத் தட்டு நிறைய நிரப்பி, மேலே முந்திரியை வறுத்துப் போட்டாள். பையன் துணியைச் சுற்றினான்.

அம்மாள் வாசலில் நின்றபடியே ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். இன்னொரு விள்ளலும் போட்டுக்கொண்டார். பிறகு உள்ளே போய் ஒரு பென்ஸிலும் காகிதமும் எடுத்து வந்து, "இதை ஓவனில் எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும்?" என்று கேட்டார்.