அம்மாவுக்கு எதுக்குங்க கேமரா?

டிஸ்கி: இது ஆறிப்போன காபியைப் பற்றிய கொஞ்சம் சூடான பதிவு. சொந்தக்காரர்கள் யாராவது படிக்க நேர்ந்தால் மன்னிக்கவும். இல்லை, மன்னிக்கவெல்லாம் வேண்டாம், முழுசாகப் படியுங்கள், போதும்.

போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அம்மா தன்னுடைய பழைய யாஷிகாவைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். பந்தியில் உட்கார்ந்திருந்த மூன்று பாட்டிகளை மூன்றே மூன்று படம் எடுத்தாள். அவ்வளவுதான். கை கழுவுகிற இடத்தில் அத்தை ஒருத்தர் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார். "ஏனம்மிணி, ரெண்டு புள்ளைகளைப் படிக்க வெச்சுக்கிட்டு, ஒன்றரை ஷிப்டும் ஓட்டிக்கிட்டு, இதுக்கெல்லாம் உனக்கு எப்படித்தான் நேரம் கெடைக்குதோ! குடுத்து வெச்சவ போ."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் கேமராவை ஒரு துணியில் சுற்றி பீரோ மேலே வைத்துவிட்டாள். அன்றைக்கு ராத்திரி காபித்தூளும் ஊறப் போடவில்லை. மறுநாளும் போடவில்லை.

அத்தை கேட்டது கேள்வியே இல்லை என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு பதில் சொல்லப் போகிறேன். நேரம் எப்படிக் கிடைக்கிறது? கிடைக்கவில்லைங்க. அதனால்தான் இந்த இரண்டையும் அவள் பிடித்துக்கொண்டாள்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். நாங்கள் இருப்பது நெருப்பெரிச்சல். 2011 வரைக்கும் தனி ஊராட்சி, இப்போது திருப்பூர் மாநகராட்சி. அம்மா இங்கே ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். காலை எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது ராத்திரி எட்டரைக்கு. எங்கள் ஊர் பாஷையில் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம். ஆர்டர் அவசரமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அரை ஷிப்ட். 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்யும் மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பி, மே 1ஆம் தேதி வாபஸ் என்று அறிவித்தார்கள். டிவியில் அந்தச் செய்தியைப் பார்த்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்ப நாங்க இத்தன வருசமா பண்ணீட்டிருக்கறது என்னவாமா?"

அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன்னாலும் பின்னாலும் வீடு இருக்கிறது. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒரு கணக்கு கொடுக்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளைக்கு அதில் செலவழிப்பது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். வேலைக்குப் போகிறவர், போகாதவர் எல்லாரும் சேர்ந்த சராசரி இது. எங்கள் வீட்டு ஆண்கள் இரண்டு பேரையும் (அதில் ஒருவன் இதை எழுதிக்கொண்டிருக்கிறான்) சேர்த்துப் போட்டாலும் 88 வராது என்பதை வெட்கத்தோடு பதிவு செய்துகொள்கிறேன்.

சரி, இனி அவளுடைய 'ஆடம்பரம்' எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் காபி. ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவி முடித்த பிறகு, கொரகொரவென்று அரைத்த சிக்கரி கலக்காத தூளை ஒரு சொம்பில் போட்டு, பச்சைத் தண்ணீர் ஊற்றி, மூடி வைப்பாள். இரண்டு நிமிட வேலை. அப்புறம் தூங்கப் போய்விடுவாள். பன்னிரண்டு மணி நேரம் ஊறவேண்டும், ஊறுவதற்கு யாரும் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. பச்சைத் தண்ணீர் சுடுதண்ணீர் அளவுக்குப் புளிப்பையும் கசப்பையும் தூளிலிருந்து இழுக்காது, அதனால் டிகாக்‌ஷன் மெதுவாக, கொஞ்சம் இனிப்பாகக்கூட இருக்கும். மறுநாள் தம்பியோ நானோ வெள்ளைத் துணியில் வடிகட்டி ஃபிரிட்ஜில் வைப்போம். (துணிக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? ஆனால் சாயம் போட்ட கட்டிங் வேஸ்ட்டில் வடிகட்டிவிடாதீர்கள், பிறகு என்னைத் திட்டக்கூடாது.) ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து, பாலும் சர்க்கரையும் ஐஸ் கட்டியும் போட்டு ஒரு டம்ளர். வாசல் படியில் உட்கார்ந்து குடிப்பாள். பத்து நிமிடம். பஞ்சு தூசி பன்னிரண்டு மணி நேரம் போன தொண்டைக்கு அது எப்படி இருக்கும் என்று ஏசி போட்ட காபிக் கடையில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியாது.

அடுத்து கேமரா. யாஷிகா எம்எஃப்-2. 80களிலும் 90களிலும் நம் ஊர் வீடுகளில் நிறையவே இருந்த மாடல். ஃபோகஸ் திருப்புகிற வேலையே கிடையாது, ஒவ்வொரு படத்துக்கும் கட்டைவிரலால் ஃபிலிமை நகர்த்தினால் போதும். அவிநாசிப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருந்த அம்மாவின் பெரியப்பா கொடுத்தது. அந்தக் காலத்தில் அவர் கடையில் ஓடியது ஊட்டி சரக்கு. 1960ல் தொடங்கி 1967ல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் ஃபிலிமும் பேப்பரும் செய்தது. நம் பக்கத்து மலையிலேயே ஃபிலிம் செய்தார்கள் என்றால் என் வகுப்பில் பாதிப் பேர் நம்பவில்லை. அந்த ஆலை மூடியாகிவிட்டது. கோடாக் 2012ல் திவால் மனு போட்டது. ஆனாலும் ஃபிலிம் செத்துவிட்டது என்று சொல்கிறவர்கள் கவனிக்க: 2024ல் பென்டாக்ஸ் புத்தம் புதிதாக ஒரு ஃபிலிம் கேமராவை இறக்கியது.

அம்மா ஒரு ரோலை இரண்டு மாதம் ஓட்டுவாள். வாரத்துக்கு நாலைந்து படம். டீ பிரேக்கில் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கிற பெண்கள், நோட்டுப் புத்தகத்தின் மேலேயே தூங்கிப்போன தம்பி, மழைக்கு முன்னால் மொட்டைமாடியில் துணி எடுக்க ஓடுகிற பக்கத்து வீட்டு அக்கா. ஒரு படத்துக்கு அரை நிமிடம். ஃபிலிம் பெட்டிக்குள் சும்மா காத்துக்கொண்டிருக்கும். சார்ஜ் போடு என்று கேட்காது, நோட்டிபிகேஷன் அனுப்பாது, என்னைப் பார்த்து எவ்வளவு நேரமாச்சு என்று கோபித்துக்கொள்ளாது.

கறுப்பு-வெள்ளை ரோலை வீட்டிலேயே கழுவுகிறாள். எதில்? காபியில்! 1995ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஸ்காட் வில்லியம்ஸ் என்ற ஆசிரியரின் வகுப்பு கண்டுபிடித்த முறை, பெயர் காஃபினால். இன்ஸ்டன்ட் காபி, சலவை சோடா, வைட்டமின் சி, தண்ணீர். காபியில் இருக்கும் காஃபிக் அமிலம்தான் படத்தை வெளியே கொண்டுவருகிறது. ஒரு லிட்டருக்கு 40 கிராம் காபி, 54 கிராம் சோடா, 16 கிராம் வைட்டமின் சி, 20 டிகிரியில் பதினைந்து நிமிடம். சோடா எங்கள் ஊரில் சாயப்பட்டறைச் சரக்கு, துணியில் சாயம் பிடிக்க அதைத்தான் போடுகிறார்கள். ஏப்ரல் மாதம் எங்கள் குழாய்த் தண்ணீர் 20 டிகிரிக்கு வருமா? காபிக்கு வைத்த அதே ஐஸ் தட்டுதான் இதற்கும். முதல் ரோல் வெளுத்துப்போய் வந்தது, சிக்கரி கலந்த இன்ஸ்டன்ட் தூளைப் போட்டதுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தாள். ஃபிலிமை வெளிச்சம் படாமல் டேங்கில் ஏற்ற ஒரு கறுப்புப் பை வேண்டும், அதைத் தானே தைத்துக்கொண்டாள். பனியன் துணி ஆகாதாம், இழுத்தால் கண்ணி விரிந்து வெளிச்சம் புகுந்துவிடும். கெட்டியான நெசவுத் துணியை இரட்டையாக மடித்துத் தைத்தாள். அதற்கான பாத்திரங்கள் தனி, சமையலறைப் பக்கமே வராது. கடைசியில் ஊற்றுகிற ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும் என்பதால் சாக்கடையில் விடாமல் ஒரு கேனில் சேர்த்து வைக்கிறாள். 2011ல் ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த ஊரில் வாழ்கிறவளுக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை. நாற்றம் மட்டும் சகிக்காது, உண்மை. அப்பா அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பேக்கரிக்குக் கிளம்பிவிடுவார்.

இப்போது காசுக் கணக்கு. இதில் முதல் குற்றவாளி அத்தை இல்லை, நான்தான். பி.காம் இரண்டாம் வருடம் காஸ்டிங் படித்த திமிரில் ஒருநாள் அம்மாவிடம் பேப்பரில் போட்டுக் காட்டினேன். ரோல் எழுநூறு, கழுவ எண்பது. 36 படத்துக்கு வகுத்தால் ஒரு படம் இருபத்தியோரு ரூபாய் அறுபத்தாறு பைசா சொச்சம். "போன்ல சும்மாவே எடுக்கலாம்மா" என்றேன். அவள் பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு, "கணக்கு நல்லாத்தான் போடறே கண்ணு" என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் கணக்கு தப்பு. மாதத்துக்கு அது முந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய். காபிக்கு ஒரு டம்ளர் இருபது ரூபாய் தாண்டாது. நான் பேக்கரியில் டீயும் பப்ஸுமாக மாதம் ஆயிரத்து இருநூறுக்குக் குறையாமல் தின்கிறேன். அதை எவனும் பேப்பரில் போட்டு என்னிடம் நீட்டியதில்லை.

இன்னொன்று. அதே காஸ்டிங் புத்தகத்தில் ஐடில் டைம் என்று ஒரு பாடம் வரும். தொழிலாளி கேட்டிலிருந்து மிஷினுக்கு நடக்கிற நேரம், டீ குடிக்கிற நேரம், ஒரு வேலை முடிந்து அடுத்ததுக்கு மாறுகிற நேரம், இதெல்லாம் நார்மல் ஐடில் டைம். அதைத் திருட்டு என்று புத்தகம் சொல்வதில்லை, உற்பத்திச் செலவிலேயே சேர்த்துக்கொள் என்கிறது. பீஸுக்கு பைசா எண்ணுகிற முதலாளிக்காக எழுதின புத்தகமே அவ்வளவு தாராளம். நம் வீட்டில்தான் அம்மாவுக்கு அந்த வரியே கிடையாது. அவள் படியில் உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடம் ஊர் கண்ணுக்கு அப்நார்மல்.

வகுப்புத் தோழர்கள் நல்ல பிள்ளைகள், அவர்கள் ஆலோசனை வேறு மாதிரி. "மச்சி, உங்கம்மாவை இன்ஸ்டாவுல பேஜ் ஆரம்பிக்கச் சொல்லுடா. கோல்டு காபியைப் பாட்டில்ல போட்டு விக்கச் சொல்லுடா." அடப்பாவிகளா. பன்னிரண்டு மணி நேரம் பீஸ் அடிக்கிறவளுக்கு மிச்சமிருக்கும் பத்து நிமிடத்தையும் ஆர்டராக மாற்றினால்தான் உங்களுக்குத் திருப்தியா? விற்க ஆரம்பித்தால் அது இன்னொரு அரை ஷிப்ட். சம்பாதித்துக் கொடுத்தால் அனுமதி, இல்லையென்றால் வீண் என்பது அத்தை சொன்னதேதான், நீங்கள் கொஞ்சம் ஸ்டைலாகச் சொல்கிறீர்கள். பெரிய நகரங்களில் ஃபிலிமையும் கோல்டு புரூவையும் 'நிதான வாழ்க்கை' என்று கொண்டாடுகிறவர்களும் அம்மாவைத் தங்கள் கட்சியில் சேர்க்க வேண்டாம். அவள் நிதானமாக வாழ்வதற்கு இதைச் செய்யவில்லை. இரண்டும் அவள் தூங்கும்போதும் தைக்கும்போதும் தானாகவே நடப்பவை, ஓடுகிறவளுக்குத் தோதாக இருப்பவை.

அத்தைக்கு வருவோம். அவரும் இருபது வருடம் செக்கிங் டேபிளில் நின்றவர். நன்றாகப் பாடுவார் என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவரிடம் "உனக்கு நேரம் ஏது" என்று எப்போதோ யாரோ சிரித்துக்கொண்டே கேட்டிருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை பீரோ மேலிருந்து கேமராவை இறக்கித் துடைத்தேன். கவுண்டர் 23ல் நிற்கிறது. அந்த மூன்று பாட்டிகளும் இன்னும் உள்ளேயேதான் இருக்கிறார்கள், பதிமூன்று படம் எடுத்து முடித்தால்தான் வெளியே வருவார்கள். ராத்திரி பாத்திரத்தை நான் கழுவினேன். சுமாராகத்தான் கழுவினேன், இரண்டு தட்டில் எண்ணெய் அப்படியே இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் அந்த இரண்டையும் மறுபடி கழுவி வைத்தாள். பிறகு அலமாரியைத் திறந்து கொஞ்ச நேரம் தேடினாள்.

"அந்தக் கொரகொரன்னு அரைச்ச தூளை எங்கடா வெச்சே?"