மருந்தும் வார்த்தையும்

சேலத்திற்கும் ஈரோட்டிற்கும் இடையே, மலைக்கோட்டையின் அடியில் இருக்கும் சங்ககிரி, தமிழ் மக்கள் மறக்கத்தகாத ஊர். 1805-ம் வருஷம் தீரன் சின்னமலையைக் கும்பினியார் தூக்கிலிட்ட இடம் அது. இன்று அவ்வூர் லாரிகளின் ஊர் என்றும் பெயர் பெற்றிருக்கிறது. வடதேசம் வரை சரக்கேற்றிச் செல்லும் லாரிகளுக்குச் சொந்தக்காரர்களும், ஓட்டுநர்களும், பட்டறைத் தொழிலாளரும் அங்கே நிறைந்திருக்கிறார்கள். சுற்றுப்புறத்துக் கிராமங்களிலோ விசைத்தறிகளின் ஓசை. இத்தகைய உழைப்பாளிகளின் இருதயத்தையும் இரத்த ஓட்டத்தையும் காப்பது பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

2020-ல் தமிழ்நாட்டில் நடந்த ஒரு கணக்கெடுப்பின்படி, வயது வந்தவர்களில் நூற்றுக்கு 33.9 பேருக்கு இரத்தக் கொதிப்பு இருந்தது. அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு. அவ்விதம் கொதிப்புடையவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு 7.3 பேரே. இதற்கு மருந்து இல்லாமலில்லை. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் அது இலவசமாகவே கிடைக்கிறது. அப்படியிருந்தும் இந்நிலை ஏன்? காரணங்கள் பலவாயினும் ஒன்று முக்கியமானது. கொதிப்பு என்பது வலிக்காத நோய். தலைச்சுற்றல் நின்றவுடன் நோயும் நின்றது என்று எண்ணி மாத்திரையை நிறுத்திவிடுகிறவர் எத்தனையோ பேர். நின்றது நோயன்று, அதன் அடையாளமே என்பதை அவர்களுக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை. பல வருஷங்கள் கழித்து அந்நோய் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ திரும்பி வருகிறது.

சர்க்கார் வாளாவிருந்தார்கள் என்று நாம் கூறவில்லை. 2007-ல் விருதுநகர், சிவகங்கை ஜில்லாக்களில் இருதய நோய்த் தடுப்பு வேலை பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. 2012 முதல் அது மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. அதற்கெனவே செவிலியர், அதாவது தாதிமார், நியமிக்கப்பட்டனர். 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தின்படி, பெண் தொண்டர்கள் வீடுதோறும் சென்று கொதிப்பைச் சோதித்து மாத்திரை கொடுத்து வருகிறார்கள். பின்னர் எடுத்த கணக்கில், நோயைக் கட்டுக்குள் வைத்திருப்போரின் விகிதம் இருமடங்குக்கு மேல் உயர்ந்ததாகத் தெரிகிறது. இது பாராட்டுக்குரியதே. ஆயினும் பெரும்பாலோர் இன்னும் கட்டுக்கு வெளியேதான் இருக்கிறார்கள் என்பதையும் மறத்தலாகாது.

இங்கேதான் சங்ககிரியின் விசேஷ நிலைமையைக் கவனிக்க வேண்டும். மருந்து வீடு தேடி வருகிறது. ஆனால் வீட்டில் ஆள் இல்லை. லாரி ஓட்டுநர் பல நாட்கள் நெடுஞ்சாலையில் இருக்கிறார். அவருடன் தொண்டர் போக முடியாது. தாதி போக முடியாது. வைத்தியரும் போக முடியாது. போகக்கூடியது ஒன்றுதான்: நோயைப் பற்றி அவருக்கு நன்றாகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட அறிவு. ஆகையால், நோயாளிக்குப் போதித்தல் என்பது வைத்தியத்தின் உபசாரப் பகுதியன்று. அதுவே வைத்தியத்தின் பாதி என்பது நமது அபிப்பிராயம்.

ஓர் உதாரணம் கூறுவோம். இருதயம் தளர்ந்தவர்களுக்கு, உடலில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை கொடுக்கிறார்கள். ஓட்டுநர் அதைக் காலையில் விழுங்கினால், வழியில் பலமுறை வண்டியை நிறுத்த வேண்டிவரும். ஆகவே அவர் பயண நாட்களில் அதை விட்டுவிடுகிறார். ஊர் திரும்பும்போது கால் வீங்கி, மூச்சுத் திணறி வருகிறார். மருந்துச் சீட்டு எழுதியவருக்கு இது தெரியாது. ‘இந்த மாத்திரையை நீங்கள் எந்த வேளையில் சாப்பிடுகிறீர்கள்? எப்போது விட்டுப்போகிறது?’ என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் தாதிக்குத்தான் தெரியவரும். அவள் வைத்தியரிடம் சொல்லி வேளையை மாற்றச் செய்தால், ஓர் உயிர் பிழைக்கும். சட்டியில் உள்ளதை அகப்பை அறியும் என்பது போல, நோயாளியின் நடைமுறை வாழ்க்கையை அறிந்தவள் அவளே.

உப்பைப் பற்றிய போதனையும் அப்படியே. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்கும் குறைவாகவே உப்பு வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கருத்து. ‘உப்பைக் குறையுங்கள்’ என்று மட்டும் சொன்னால், குழம்பில் ஒரு சிட்டிகை குறையும். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் பொட்டலத்துக் காரவகைகளும் அப்படியே இருக்கும். சாலையோரக் கடையில் சாப்பிடுகிறவருக்கு எதைத் தள்ளலாம், எதைக் கேட்டு வாங்கலாம் என்று பெயர் சொல்லிக் கூறினாலன்றிப் பிரயோஜனமில்லை. பீடி, சிகரெட், புகையிலை விஷயத்தில் ‘விடுங்கள்’ என்ற உபதேசத்தோடு நில்லாமல், விடும் வழியையும் சொல்ல வேண்டும்.

மார்வலி வந்தால் அது ‘வாயுப் பிடிப்பு’ என்று சோடா குடித்துக் காலங்கழிப்பது நம் நாட்டில் பழகிப்போன அபாயம். நெஞ்சு இறுகி, வலி இடது தோளுக்கோ தாடைக்கோ ஏறி, வியர்த்துக் கொட்டுமானால், வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி 108-ஐ அழைக்க வேண்டும். தாமே ஓட்டிச் செல்லலாகாது. பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல், மூச்சுமுட்டலும் சோர்வுமாகவே அது வரக்கூடும். 2023-ல் ஏற்பட்ட ‘இதயம் காப்போம்’ திட்டத்தினால், மாரடைப்புக்கு முதலில் கொடுக்க வேண்டிய ஆஸ்பிரின் முதலான மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அங்கே போக வேண்டும் என்று அறியாதவனுக்கு அம்மருந்து இருந்தும் இல்லாததே.

கால்களின் சங்கதி இன்னும் நுட்பமானது. நாள் முழுவதும் தறியருகே நிற்பவர்களுக்குக் காலில் நாளங்கள் புடைத்துச் சுருண்டு, கணுக்காலருகே ஆறாத புண் உண்டாவதுண்டு. அவர்கள் ஓய்வு வேளையில் காலை உயர்த்தி வைப்பதும், வைத்தியர் சொற்படி இறுக்கமான கட்டுப் போடுவதும் நன்மை தரும். ஆனால் புகை பிடிப்பவருக்கு, காலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் அடைபட்டு, சிறிது தூரம் நடந்தாலே கெண்டைக்கால் வலிக்கும். பாதம் சில்லிட்டு, விரல் கறுக்கும். அவருக்கு அதே இறுக்கமான கட்டுப் போட்டால் காலையே இழக்க நேரிடலாம். நெடுநேரம் உட்கார்ந்து ஓட்டியவரின் ஒரு கால் மாத்திரம் திடீரென்று வீங்கி வலித்தால், உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அதைப் பிடித்துத் தேய்ப்பது அபாயம். மூன்றையும் ஜனங்கள் ‘கால்வலி’ என்ற ஒரே பெயரால் அழைக்கிறார்கள். பாதத்தைத் தொட்டு, நாடியைப் பார்த்து, வேற்றுமையைச் சந்தேகித்து, உடனே வைத்தியரிடம் அனுப்பப் பயின்ற தாதி ஒருத்தி கிராமத்திற்கு அருகில் இருப்பது எவ்வளவு அவசியம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

நம் நாட்டில் தாதித்தொழிற் பயிற்சி நேற்று வந்ததன்று. சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் 1871-லும், வேலூரில் ஐடா ஸ்கட்டர் அம்மையாரின் முயற்சியால் 1909-லும் அது தொடங்கியது. வேலூரில் 1946-ல் பட்டப்படிப்பாகவும் உயர்ந்தது. இத்தனை வருஷங்களுக்குப் பிறகும், ஊசி போடுவதும் ஏடு எழுதுவதுமே தாதியின் வேலை என்று நினைப்பது நியாயமன்று.

‘அவர்களுக்கு நேரமேது?’ என்று கேட்பார்கள். உண்மைதான், ஒரு தாதி கவனிக்க வேண்டிய நோயாளிகளின் தொகை மிக அதிகம். தொகுப்பூதியத்தில் வருஷக்கணக்காகக் காத்திருக்கும் தாதிமாரும் உண்டு. நேரம் கொடாமல் கடமையை மட்டும் சுமத்துவது தர்மமாகாது. ஆனால் போதனைக்குச் செலவிடும் அரைமணி நேரம் வீண் செலவன்று. சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட நோயாளி மீண்டும் மூச்சுத் திணறி வந்து படுக்கும்போது, சர்க்காருக்கு ஆகும் செலவையும், குடும்பத்தின் கூலி நஷ்டத்தையும் எண்ணிப் பார்த்தால் லாபம் எதில் என்பது தெரியும்.

ஆகவே நாம் கேட்பவை இவை. இருதய நோயாளி எவரையும், ஒரு தாதி அரைமணி நேரமாவது உடனிருந்து பேசாமல் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பலாகாது. கூடவே மனைவியோ தாயோ இருக்க வேண்டும். சமையல் அவர்கள் கையில் இருக்கிறதல்லவா? சொல்லி முடித்ததும், ‘நான் சொன்னதை நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள், ஐயா’ என்று கேட்க வேண்டும், தலையாட்டுவதை ஒப்புக்கொள்ளலாகாது. மாத்திரைகளின் பெயர், வேளை, அபாயக் குறிகள் ஆகியவற்றைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிய சீட்டொன்று ஓட்டுநரின் சட்டைப்பையில் இருக்க வேண்டும். தினமும் காலையில் எடை பார்க்கவும், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் தாமதியாமல் வரவும் இருதயத் தளர்ச்சியுள்ளவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். நெடும்பயணம் போகிறவர்களுக்குத் திரும்பும் நாள் வரை போதுமான மாத்திரை கொடுக்க வேண்டும். லாரி உரிமையாளர்கள், லோடு ஏற்றும் இடங்களில் தாதிமார் வந்து கொதிப்புச் சோதனை செய்யவும் பேசவும் இடம் கொடுக்க வேண்டும். வண்டிக்குக் குறித்த காலத்தில் எண்ணெய் மாற்றத் தவறாதவர்கள், அதை ஓட்டுகிறவனின் இருதயத்தையும் கவனிப்பது அவர்களுக்கே நன்மை.

இவற்றில் எதற்கும் புதிய கட்டடம் வேண்டாம். அந்நிய தேசத்து இயந்திரமும் வேண்டாம். வேண்டுவது போதுமான தாதிமார், அவர்களுக்கு நிலையான உத்தியோகம், பேசுவதற்கு அவகாசம் ஆகிய இவையே. சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் சுகாதார அதிகாரிகள் சங்ககிரியிலேயே இதைத் தொடங்கி மற்ற ஊர்களுக்கு வழிகாட்டுவார்களாக. தேசத்தின் சரக்கெல்லாம் சுமந்து ஊர் ஊராய்ச் செல்கிறவன் சௌக்கியமாகத் தன் வீடு வந்து சேரும்படி செய்வது நம் கடமையல்லவா?