துடக்குக்கு முந்திய நாள்கள்

மாதவிடாய் பற்றி எழுதுதல் தமிழாசிரியனுக்கு அழகன்று எனக் கருதுவோர் தொல்காப்பியத்துக் கற்பியலை ஒருமுறை புரட்டிப் பார்ப்பாராக. பூப்புத் தோன்றியபின் பன்னிரண்டு நாள்களைக் கணக்கிட்டு, அந்நாள்களிலே தலைவன் தலைவியை நீங்கியிருத்தல் அறமன்று என விதித்தவர் தொல்காப்பியர். எங்கள் தீவகத்து இல்லங்களிலும் கணக்கு உண்டு. துடக்கு என்று தொடங்கிற்று, முழுக்கு என்று, நயினை நாகபூசணி அம்மன் வாயிலுக்கு என்று போகலாம் என்பன எல்லாம் பெண்களுக்கு விரல்நுனியில் நிற்கும். ஆயின், நூலோர் கணக்கும் வீட்டார் கணக்கும் உதிரம் கண்ட பின்னரே தொடங்குகின்றன. அதற்கு முந்திய ஏழெட்டு நாள்களுக்கு நம்மிடையே ஒரு பெயர்தானும் வழங்கவில்லை. பெயரற்ற அந்நாள்களிலேதான் சில பெண்களுக்கு உயிரே பாரமாகின்றது.

பலர்க்கும் வரும் சிறு சோர்வையும் சிடுசிடுப்பையும் நான் இங்கே கருதவில்லை. அடக்கவொண்ணாத அழுகை, உற்றாரை எரிக்கும் சினம், தன்னையே வெறுத்தல், சில வேளை சாவை நாடும் எண்ணம் ஆகியன மாதந்தோறும் வந்து, உதிரம் கண்ட சில நாள்களில் சுவடின்றி மறையும் கொடிய நிலையையே கருதுகின்றேன். மாதவிடாய்க்கு முந்திய துன்பங்களை ஒரு பொதுப்பெயரால் வழங்கி, 1953இலே இங்கிலாந்தில் கட்டுரை வரைந்தனர் ரேமண்ட் கிரீன், கதரீனா டால்ட்டன் என்னும் வைத்தியர் இருவர். அவற்றுள் மிகக் கொடியதாகிய மனநிலைச் சீர்கேட்டை அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கைந்நூல் முழுமையான தனிநோயாக ஏற்றதோ 2013இலேதான். ஓமோன் மிகுந்தமையாலோ குறைந்தமையாலோ இது வருவதன்று. பிறர்க்கு ஊறு செய்யாத இயல்பான ஏற்ற இறக்கமே இவர்களுடைய மூளையைத் தாக்குகின்றது என்பதை 1998இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று.

இனி மற்றொன்று. வகுப்பிலே ‘பராக்கு’ என்று பெயரெடுத்த பிள்ளைகளை ஆசிரியர் யாவரும் அறிவர். ஆண்பிள்ளையின் பராக்குப் பெரும்பாலும் மேசைமேல் ஏறும், மதிலாற் குதிக்கும், ஆகவே அதிபர் அவனை அறிவார், ஈற்றில் வைத்தியரும் அறிவார். பெண்பிள்ளையின் பராக்கோ யன்னலூடே கடலைப் பார்த்தபடி வாய்பேசாது அமர்ந்திருக்கும். அது நோயாக இருக்கலாம் என எவரும் எண்ணுவதில்லை. இந்நோய்க்குக் ‘கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு’ என்றொரு மொழிபெயர்ப்பு வழங்குகின்றது. அதில் எனக்கு உடன்பாடில்லை. கவனக்குறைவு என்பது தமிழிலே குற்றத்தின் பெயர். அதைச் சொன்ன அளவிலே பிள்ளை தண்டனைக்கு உரியவளாகிவிடுகின்றாள். அவதானம் என்னும் சொல்லே பொருந்துவது. புலோலி ஈன்ற நா. கதிரைவேற்பிள்ளை நூறு பொருள்களை ஒருங்கே மனத்திருத்திச் சதாவதானி எனப் பெயர் பெற்றார். இப்பிள்ளைகளின் மனத்திலும் நூறு பொருள்கள் ஒருங்கே புகுகின்றன. வேண்டியதை நிறுத்தி ஏனையவற்றை விலக்கும் ஆணைதான் இல்லை.

இவ்விரு நோய்களும் ஒருத்தியிடத்தே கூடுவது அருமையன்று. பிரித்தானியாவிலே 700க்கு மேற்பட்ட இளம்பெண்களிடம் வினவி 2025இல் வெளியிட்ட ஆய்வொன்றிலே, அவதானக் கோளாறுடையோர் என வைத்தியரால் அறியப்பட்டவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேரிடம் மேற்கூறிய மனநிலைச் சீர்கேட்டின் குறிகள் காணப்பட்டன; அக்கோளாறு இல்லாதோருள் நூற்றுக்கு ஏறத்தாழப் 10 பேரிடமே காணப்பட்டன. காரணம் இன்னதாகலாம் என்கின்றனர்: அவதானத்தை நிறுத்த மூளைக்கு டோபமின் வேண்டும், அதற்குத் துணைநிற்பது ஈஸ்ட்ரஜன் என்னும் ஓமோன், மாதவிடாய்க்கு முந்திய நாள்களில் அது சரிகின்றது. ஏற்கெனவே தளர்ந்த பிடி அந்நாள்களிலே முற்றும் நழுவுகின்றது. வழக்கமாக உண்ணும் மருந்தும் அக்கிழமையிலே பயன்படவில்லை என முறையிடும் பெண்கள் உளர். கட்டுரைக் கொப்பி திருத்துவோர் இதனைக் கண்டிருக்கக்கூடும்: மூன்று கிழமை தடுமாறியேனும் எழுதியவள் நான்காம் கிழமையிலே வாக்கியத்தைப் பாதியில் விட்டு நிற்பாள். வகுப்பிலே அதற்குப் ‘பஞ்சி’ என்று பெயர். வீட்டிலே ‘விசர்’ என்று பெயர். உயர்தரப் பரீட்சை அக்கிழமையிலே வந்து வாய்த்தால் அவள் விதி என்னாவது?

பிரித்தறிதற்கு வழி உண்டு. அவதானக் கோளாறு பன்னிரண்டு வயதுக்கு முன்னரே குறி காட்டி, மாதம் முழுதும் உடனிருப்பது. மற்றது பருவமெய்திய பின்னரே தோன்றி, மாதத்தில் ஒரு பகுதியிலே வந்து போவது. இதனை உறுதிசெய்ய இரண்டு மாதவிடாய்ச் சுற்றுக்கேனும் நாள்தோறும் மனநிலையைக் குறித்துவரல் வேண்டும் என்பது வைத்திய விதி. இங்கேதான் இடர்ப்பாடு. நாள் தவறாது குறித்தல் என்னும் அதே செயல்தான் அவதானக் கோளாறுடையவளுக்கு ஆகாத செயல்! நான்கு நாள் குறிப்பாள். ஐந்தாம் நாள் தாளே காணாமற் போகும்.

குறிப்பின்றிப் போனால் என்னாகும்? நெடுந்தீவுப் பெண்ணொருத்தி படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, யாழ்ப்பாணம் வந்து, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவை அடைவதாகக் கொள்வோம். சோளகக் காற்றிலே கடல் கொந்தளித்தால் அப்பயணமும் இல்லை. கடல் அடங்கி, காசு கூடி, துணைக்கு ஒருவர் வாய்த்து அவள் புறப்படும் நாள், உதிரம் நின்ற நல்ல நாளாகவே பெரும்பாலும் இருக்கும். கெட்ட நாளில் அவளாற் படுக்கைவிட்டு எழவும் இயலாதன்றோ. வைத்தியர்முன் தெளிந்த முகத்தோடு இருக்கின்றாள். குறிப்பும் இல்லை, கண்ணாற் காணும் குறியும் இல்லை. வந்த வழியே மீள்கின்றாள். அடுத்த சுற்றிலே யாரேனும் பார்வை பார்த்து நூல் கட்டுவர். நூல் கட்டிய சில நாளில் உதிரம் கண்டு நோய் நீங்கினால், பெருமை நூலுக்கே போய்ச் சேரும். மருந்தோ உள்ளது. செரட்டோனின் வழியாக வேலைசெய்யும் மாத்திரைகளை, சுற்றின் பிற்பாதியில் மாத்திரம் கொடுத்தும் குணம் காண்கின்றனர்.

ஆதலால், குறிக்கும் பொறுப்பை அவள்மேல் மாத்திரம் சுமத்தலாகாது என்பது என் கருத்து. வாக்கிய பஞ்சாங்கம் தொங்காத வீடு எங்களிடையே அரிது. விளக்கேற்றும் வேளையில் தாயோ தமக்கையோ “இன்றைக்கு எப்படி, பிள்ளை?” என ஒரு சொற் கேட்டு, அப்பஞ்சாங்கத்திலே ஒரு புள்ளி வைத்தால் அமையும். விடுதிப் பிள்ளைகளுக்குத் தோழியர் செய்யலாம். பாடசாலை உளவளத்துணை ஆசிரியர் நினைவூட்டலாம்.

சொற்களை ஆக்கித் தரும் கடமை எம்போல்வாரைச் சார்ந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் கிறீன் மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார். 1857இலேயே பிரசவ வைத்தியத்தைத் தமிழ்நூலாக்கினார். பிள்ளைப்பேற்றுக்கு அன்றே தமிழ் கிடைத்தது. முந்திய நாள்களுக்கு ‘விடாய்முன் நாள்’ என்று நான் பெயரிடுவேன். விடாய் என்பதற்குக் களைப்பு என்றும் பொருளுண்டு. இதனினும் நல்ல சொல் காண்பார் எழுதுக. அப்பெயரைத் தலைப்பிலிட்டு, ஊர்காவற்றுறை வைத்தியசாலையிலும் தீவகப் பாடசாலைகளிலும் வைத்தற்கு ஒரு தாள் அச்சிடல் வேண்டும். அதற்குப் பெருஞ்செலவு இல்லை. முப்பத்தொரு கட்டமும், பெயர் எழுத ஒரு வரியும் போதும்.