மலைமேல் ஒரு கூபே



கொல்லிமலை குண்டனி நாட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நாமக்கல்லில் வேலை. காலையில் மலை இறங்கி, பொழுது சாய ஏறுகிறார். இத்தனை காலம் பைக்கிலேயே ஓட்டிவிட்டார். இப்போது அப்பா அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது, மழைக்காலப் பயணமும் வீட்டாருக்குக் கவலையாக இருக்கிறது. அதனால் முதல் கார் வாங்கப் போகிறார். அவர் மனதில் நிற்பது கூரை பின்னால் சரிந்து இறங்கும் கூபே வடிவம். மலையில் இருப்பவனுக்கு எதற்கு இந்த ஆசை, பேசாமல் ஒரு ஜீப்பை வாங்கு என்கிறார்களாம் உறவினர்கள். ஆசைப்படுவது தப்பா என்று கேட்டிருக்கிறார்.

தப்பே இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும் ஒன்றின்மேல் மனிதனுக்குப் பிரியம் இருக்கத்தான் வேண்டும். அந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியைச் சிறுபாணாற்றுப்படை அவனுடைய குதிரையோடு சேர்த்தே பேசுகிறது. குதிரைக்கும் ஓரி என்றே பெயர். ஊர்தியைத் தன் பெயரோடு வைத்துக்கொண்ட தலைவனுக்கு ஆடியில் விழா எடுக்கும் மலையில், ஓர் இளைஞர் தன் வண்டி அழகாக இருக்க வேண்டும் என்று நினைப்பதில் என்ன குறை? கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. அந்த அழகு எழுபது கொண்டை ஊசி வளைவுகளை நாள்தோறும் தாங்குமா என்பதுதான் கேள்வி.

முறையான கூபே என்றால் இரண்டே கதவு, தாழ்ந்த உடல், முன்னால் இருவருக்குத் தாராளமான இடம், பின்னால் பெயருக்கு ஓர் இருக்கை. ஓட்டுபவரின் சந்தோஷத்துக்காகவே செய்த வடிவம் அது. நம் நாட்டில் இது ஏன் வேரூன்றவில்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல கதை இருக்கிறது. சென்னை வண்டலூர் பக்கம் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையின் கதை.

1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு வெளிவந்தது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த வண்டி. கூபேயாகவும் வந்தது, இரண்டு கதவு சலூனாகவும் வந்தது. 1961-இல் அதே வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் நம் சென்னையில் தயாராகத் தொடங்கியது. இங்கேயும் முதலில் இரண்டு கதவுதான். 948 சிசி எஞ்சின், முன்பக்க பானெட் முழுவதும் ஒரே துண்டாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். அந்த வண்டியின் பெரிய சிறப்பு திரும்பும் வட்டம். வெறும் 25 அடி, அதாவது ஏழரை மீட்டர் சொச்சம். இன்றைய கார்களில் பெரும்பாலானவை பத்து மீட்டரைத் தாண்டும். கொண்டை ஊசி வளைவில் ரிவர்ஸ் போடாமல் ஒரே மூச்சில் திரும்ப அதைவிட என்ன வேண்டும்!

ஆனால் போட்டிக்கு இருந்த அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் நான்கு கதவுகள். சேலை கட்டிய பாட்டி, முன் இருக்கையை மடக்கி அந்தச் சந்துக்குள் நுழைந்து பின்னால் போய் உட்கார வேண்டும் என்றால் எந்த வீட்டில் ஒப்புக்கொள்வார்கள்? 1960களின் இறுதியில் சென்னைத் தொழிற்சாலை ஹெரால்டுக்கு நான்கு கதவு வைத்தது. அந்த வண்டி பிறந்த இங்கிலாந்தில்கூட தொழிற்சாலை நான்கு கதவு ஹெரால்டைச் செய்ததே இல்லை. நம் குடும்பங்கள் கேட்டு வாங்கிய கதவுகள் அவை. அழகை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டு, பின்னால் உட்காரும் ஆளுக்கு வழியை நாமே வெட்டினோம். எனக்கு மிகவும் பிடித்த மோட்டார் வரலாறு இதுதான்.

அது அதோடு நிற்கவில்லை. 1991-இல் டாடா சியரா இரண்டு கதவோடு வந்தது. பார்த்தவர்கள் எல்லாம் மயங்கினார்கள், வாங்கியவர்கள் குறைவு. 2025 நவம்பரில் அதே பெயர் திரும்பி வந்தபோது பின்பக்கத்துக்கும் கதவு வந்துவிட்டது. கோவாவில் செய்த சான் ஸ்டார்ம் என்ற இரு இருக்கை வண்டி 1998-இல் வந்தது, இன்று அதை நினைவில் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டுதான் 2024-இல் கூபே வடிவம் நம் ஊருக்கு மீண்டும் வந்தது. இம்முறை உயரமான உடல், நான்கு கதவு, பின்னால் மட்டும் சரிந்த கூரை. நம் வாசகரின் பட்டியலில் இருப்பவையும் இவைதான்: சிட்ரோன் பசால்ட், டாடா கர்வ், பணம் கூடினால் மஹிந்திரா பிஇ 6. பசால்ட் நம் திருவள்ளூரில் தயாராகிறது. பிஇ 6 உருவானதில் செங்கல்பட்டு அருகிலுள்ள மஹிந்திரா ஆராய்ச்சி மையத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 2024 நவம்பரில் அறிமுகமானதும் சென்னையில்தான். அறிமுக விலை பசால்டுக்கு 7.99 லட்சம், கர்வ் பெட்ரோலுக்கு 9.99 லட்சம், பிஇ 6-க்கு 18.90 லட்சம் ரூபாய். எல்லாம் எக்ஸ் ஷோரூம் கணக்கு. ஆன்ரோடு விலையை ஷோரூமில் எழுதி வாங்கிப் பாருங்கள்.

இனி சாலைக்கு வருவோம். காரை ஒப்பிடுபவர்கள் எல்லோரும் ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறார்கள். மலைமேல் குடியிருப்பவருக்கு நாள் தொடங்குவது இறக்கத்தில். எஞ்சின் இன்னும் சூடேறவில்லை, புல் நுனியில் பனி, சோளக்காடு தாண்டியதும் அடிவாரத்துக் காரவள்ளி வரை வளைவுக்கு மேல் வளைவு. அங்கே உங்களைக் காப்பாற்றுவது பிக்கப் கிடையாது, பிரேக்கும் கியரும்தான். எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்று நாமக்கல் லாரி ஓட்டுநர்கள் சொல்வார்கள். தொடர்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பேட் சூடாகிப் பிடிப்பு குறையும். பழைய பிரேக் ஆயிலில் ஈரம் ஏறியிருந்தால் அது கொதித்து, மிதி காலுக்குக் கீழே மெத்தென்று போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றச் சொல்வது சமவெளிக்காரருக்கு ஆலோசனை, மலைக்காரருக்குக் கட்டாயம்.

ஆகவே டெஸ்ட் டிரைவ் போகும்போது இரண்டாம் கியரில் விட்டு, காலை எல்லா மிதியிலிருந்தும் எடுத்துப் பாருங்கள். வண்டி தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறதா? ஆட்டோமேட்டிக் என்றால் கியரைக் கையால் கீழே இறக்கி அங்கேயே நிறுத்தும் வசதி இருக்கிறதா? டீசல் எஞ்சின் இந்த வேலையை இயல்பாகப் பெட்ரோலைவிட நன்றாகச் செய்யும் என்று பலர் நம்புகிறார்கள். அது வண்டிக்கு வண்டி வேறுபடும், ஓட்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பிஇ 6 போன்ற மின்சாரக் காருக்கு இறக்கத்தில் ஒரு தனி வரம் உண்டு. மோட்டாரே பிரேக்காக மாறி, இறங்கும் வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்குத் திருப்பித் தரும். இரண்டு டன் வண்டியை ஆயிரம் மீட்டர் உயரத்துக்குத் தூக்க மட்டும் ஐந்தரை யூனிட் அளவுக்கு மின்சாரம் வேண்டும். இறங்கும்போது அதில் கணிசமான பங்கு திரும்பி வரும். ஆனால் மலைவாசிகளுக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கல் இதில் ஒளிந்திருக்கிறது. இரவெல்லாம் வீட்டில் சார்ஜ் போட்டு, நூறு சதவீதத்தோடு காலையில் இறங்கத் தொடங்கினால் திரும்பி வரும் மின்சாரத்தை வாங்க பேட்டரியில் இடமே இருக்காது. மோட்டார் பிரேக் வலுவிழக்கும், பாரம் முழுவதும் சாதாரணப் பிரேக்கின்மேல் விழும். எண்பது சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காரவள்ளி போய்ச் சேரும்போது அளவு கூடியே இருக்கும். வாங்கும் முன் வீட்டுக்கு வரும் மின் இணைப்பு சார்ஜரைத் தாங்குமா, மழைக்காலத்தில் எவ்வளவு நேரம் கரண்ட் நிற்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மாலையில் ஏற்றம். மேலே போகப் போகக் காற்று மெலியும். ஆயிரத்து இருநூறு மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும், டர்போ இல்லாத எஞ்சினின் வலுவும் ஏறக்குறைய அதே அளவு குறையும். பசால்டின் விலை குறைந்த வகையில் டர்போ இல்லாத 82 குதிரைத்திறன் எஞ்சின். நான்கு பேரும் ஒரு மூட்டை அன்னாசியும் ஏறினால் அது ஒவ்வொரு வளைவிலும் முதல் கியர் கேட்கும் என்று எதிர்பார்க்கலாம். மலைக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள் என்பதே என் கருத்து. அதே வண்டியின் டர்போ வகை 110 குதிரைத்திறன் தருகிறது. அதன் ஆறு கியர் ஆட்டோமேட்டிக் டார்க் கன்வெர்ட்டர் வகை, வளைவில் பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்று மீண்டும் ஏறும்போது பொறுமையாக நகரும். கர்வ் டீசல் 118 குதிரைத்திறன்தான், ஆனால் அதன் 260 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 1500 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. வளைவு முடிந்து நிமிரும் இடத்தில் வேண்டியது இதுவே. பிஇ 6-க்குக் காற்றைப் பற்றிக் கவலையே இல்லை. பின் சக்கரம் தள்ளும் வண்டி, ஆதலால் முன் சக்கரங்கள் நன்றாகத் திரும்பும். திரும்பும் வட்டம் சுமார் 10 மீட்டர் என்கிறது நிறுவனம். அந்த அளவுள்ள வண்டிக்கு இது நல்ல கணக்கு.

அடி தட்டும் பயமும் இந்த மூன்றில் குறைவு. தரையிலிருந்து அடிப்பாகத்தின் உயரம் கர்வுக்கு 208 மில்லிமீட்டர், பிஇ 6-க்கு 207, பசால்டுக்கு 180. மழை அரித்த சாலையோரம் இறங்கி லாரிக்கு வழி விட இந்த உயரம் வேண்டும். பெரிய சக்கரத்தில் மயங்க வேண்டாம். பக்கச்சுவர் மெலிந்த டயர் கூர்மையான குழியில் விழுந்தால் கிழியும், மாற்று டயர் அன்றே நாமக்கல்லில் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. 16 அங்குலச் சக்கரமும் முழு அளவு ஸ்டெப்னியும் கிடைக்கும் வகை இருந்தால், மலைக்காரர் அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

வடிவத்துக்காகக் கொடுக்கும் விலை பின்னால் இருக்கிறது. கூரை சரியும் இடத்தில் உயரமான ஆளின் தலை முட்டும். பின் கண்ணாடி படுத்த வாக்கில் இருப்பதால் ரிவர்ஸ் எடுக்கும்போது சாலை ஒரு கீற்றாகத்தான் தெரியும். இவ்வகை வண்டிகள் பலவற்றில் பின் வைப்பரும் கிடையாது. கொல்லிமலை மூடுபனியில் இது சின்ன விஷயம் இல்லை, பார்க்கிங் கேமராவின் லென்சிலும் பனி படியும். பசால்டின் உயர்ந்த வகையில் பின் இருக்கையின் தொடைப் பகுதியை உயர்த்தும் வசதி இருக்கிறது. முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கு அது உண்மையிலேயே உதவும். டிக்கியில் குறையில்லை. பசால்டில் 470 லிட்டர், கர்வில் 500. சோளக்காடு சந்தைக்குப் பலாப்பழம் ஏற்றவும் ஆகும்.

அந்த நண்பருக்கு என் பதில் இதுதான். தினமும் இறங்கி ஏறும் ஓட்டத்துக்குக் கர்வ் டீசல் முதலில், பணம் நெருக்கினால் பசால்ட் டர்போ. மின் இணைப்பு நன்றாக இருந்து கடன் சுமையும் தாங்கும் என்றால் பிஇ 6 மனதை நிறைக்கும். ஆனால் முன்பணம் கொடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஷோரூம்காரரிடம் நயமாகப் பேசி வண்டியைக் காரவள்ளிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அப்பாவையும் அம்மாவையும் பின்னால் உட்கார வைத்து மேலே ஓட்டுங்கள். இருபது வளைவு போனதும் அம்மாவிடம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்வதை எந்தக் கருத்துரையைவிடவும் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கூபே வடிவம் கையைத் துறுதுறுக்க வைக்கும். பள்ளிப் பிள்ளைகள் நடக்கும், அரசுப் பேருந்து முழு வளைவையும் அடைத்துத் திரும்பும் சாலை அது. மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழி விட வேண்டும் என்பது சட்டம். வேகமாக ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே ஹெல்மெட் போட்டு, பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, ஆசை தீர ஓட்டலாம்.

கொல்லிமலை, ஏற்காடு, ஜவ்வாதுமலை, நீலகிரி, வால்பாறை என்று மலைமேல் கார் வைத்திருக்கும் வாசகர்கள் அடுத்த இதழுக்கு எழுதுங்கள். பிரேக் பேட் எத்தனை கிலோமீட்டர் வந்தது, கிளட்ச் எப்போது போயிற்று, மூடுபனியில் எந்த விளக்கு உதவியது, பின்னால் உட்காருபவர்களுக்கு வாந்தி வராமல் ஓட்ட என்ன செய்கிறீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். குண்டனி நாட்டு நண்பர் தீபாவளிக்குள் வண்டி எடுப்பதாக இருக்கிறார். அதற்கு முன் உங்கள் கடிதங்கள் அவர் கைக்குப் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்