வாய்ப் புற்றுநோய்: முதலில் காணவேண்டிய கண்கள்

பிரித்தானியாவில் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் வாய்ப் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர். இவர்களுள் பெருந்தொகையினர் நோய் முற்றிய பின்னரே வைத்தியசாலையை அடைகின்றனர். உடலின் உள்ளுறுப்புகளில் மறைந்து வளரும் நோய்கள் பிந்தித் தெரியவருவதில் வியப்பில்லை. ஆனால் வாய்ப் புற்றுநோயோ, ஒரு விளக்கும் சிறு கண்ணாடியும் இருந்தால் கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே பெரும்பாலும் தோன்றுகிறது. அவ்வாறிருந்தும் அது காணப்படாமற் போவதேன்? இக்கேள்விக்கான விடையில் ஒரு பகுதி, அந்நாட்டுப் பற்சுகாதாரப் பணியாளர்களின் தொடர்கல்வி அமைந்துள்ள முறையிலே தங்கியிருக்கிறது.

'டென்ரல் ஹைஜீனிஸ்ற்' என அழைக்கப்படும் இப்பணியாளர்கள், பற்களிற் படிந்த காரையை அகற்றி முரசு நோய்களுக்குச் சிகிச்சை அளிப்பவர்கள். ஒரு நோயாளியின் திறந்த வாயை நீண்ட நேரம் கூர்ந்து நோக்கும் வாய்ப்பு இவர்களுக்கே அதிகம். 2013 மே மாதம் முதல், பல் வைத்தியரின் அனுமதிச் சீட்டு இல்லாமலே நோயாளிகள் இவர்களிடம் நேரே செல்லலாம் எனப் பொதுப் பல்மருத்துவ சபை விதித்தது. இச்சுதந்திரத்துடன் பாரிய பொறுப்பும் இவர்களைச் சேர்ந்தது. நேரே வரும் நோயாளியை அன்றைய தினம் வேறொருவர் பரிசோதிக்கப் போவதில்லை. பணியாளரின் கண்ணுக்குத் தப்பிய புண், அடுத்த வருகைவரை எவர் கண்ணுக்கும் தப்பியதாகவே இருக்கும்.

இப்பொறுப்புக்கு ஏற்ற கல்வி கட்டாயமாக்கப்பட்டுள்ளதா என்பதை ஆராய்வோம். 2018 ஆகஸ்ட்டில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஒரு பற்சுகாதாரப் பணியாளர் ஐந்து ஆண்டுகளில் 75 மணித்தியாலங்கள் தொடர்கல்வி பெற்றிருத்தல் வேண்டும். பல் வைத்தியருக்கு இது 100 மணித்தியாலங்கள்; பல்மருத்துவத் தாதியருக்கு 50. அடுத்தடுத்த எந்த இரண்டு ஆண்டுகளிலும் 10 மணித்தியாலங்களேனும் நிறைவு செய்யாதவரின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படலாம். விதி கடுமையானதுதான். ஆனால் அது நேரத்தை அளக்கிறதேயன்றிப் பாடத்தை வரையறுக்கவில்லை. வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிதல் என்பதைச் சபை 2012 இல் பரிந்துரைப் பாடங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. பரிந்துரை வேறு, கட்டாயம் வேறு. பற்களை வெண்மையாக்கும் கலையில் பல மணித்தியாலங்களைச் செலவிட்டு, நாக்கின் ஓரத்தில் தோன்றும் செம்படலம் பற்றி ஒரு மணித்தியாலமும் படிக்காத ஒருவரும் 75 ஐ எட்டிவிட முடியும்.

தமக்கு எது தேவை என்பதைத் தொழில்சார்ந்தவர் தாமே தீர்மானிக்க வேண்டும் என்பது இவ்விதிகளின் அடிப்படை. இதில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் ஒரு நோயை ஒருபோதும் கண்டிராதவர், அதை அடையாளங்காணத் தமக்குத் தெரியாது என்பதை எவ்வாறு அறிவார்? எம்மவரைப் பொறுத்தவரை இதுவே மையமான வினாவாகும்.

வெற்றிலையுடன் புகையிலை சேர்த்து மெல்லுதல் புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985 இலேயே அறிவித்தது. 2004 இல் வெளிவந்த அதன் அறிக்கை, புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், தனியே பாக்கும்கூடப் புற்றுநோயை விளைவிப்பனவே என உறுதிப்படுத்தியது. பாக்கு மெல்லுவோரின் கன்னங்களின் உட்புறம் படிப்படியாக வெளிறி இறுகுகிறது. காரமான உணவு பட்டால் எரிகிறது. காலப்போக்கில் வாயைத் திறப்பதே கடினமாகிறது. பின்னர் பாக்கை விட்டாலும் இறுகிய தசை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. சிலரில் அதுவே புற்றுநோயாக மாறுகிறது. இதனைக் கற்றறியாத பணியாளர், வாயைச் சரிவரத் திறக்காத நோயாளி அச்சத்தினாலோ மொழி புரியாமையினாலோ அவ்வாறு இருக்கிறார் என எண்ணிவிட இடமுண்டு.

பயிற்சி பயன் தருமா என ஐயுறுவோருக்கு எமது பிராந்தியமே பதில் தந்திருக்கிறது. ஆரம்ப சுகாதார ஊழியர்கள் குறுகிய பயிற்சியின் பின் வாய்ப் புற்றுநோயையும் அதன் முன்னோடி நிலைகளையும் கண்டறிய வல்லவர்கள் என்பதை, பேராசிரியர் சமன் வர்ணகுலசூரிய முதலானோர் இலங்கையில் நடத்திய ஆய்வு 1984 இல் வெளிப்படுத்தியது. கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 இல் தொடங்கிய பெரும் ஆய்வின் முடிவு 2005 இல் 'லான்செற்' சஞ்சிகையில் வெளியாயிற்று. அங்கே வாயைப் பரிசோதித்தவர்கள் வைத்தியர்கள் அல்லர். பயிற்றப்பட்ட சுகாதார ஊழியர்கள். புகையிலை, மது ஆகியவற்றைப் பயன்படுத்துவோரிடையே வாய்ப் புற்றுநோய் மரணங்கள் மூன்றிலொரு பங்கு குறைந்தன. ஏழை மக்களிடையே சுகாதார ஊழியர்களால் இயன்ற பணி, வளம்மிக்க நாட்டின் பட்டயம் பெற்ற பணியாளர்களால் இயலாததன்று.

ஆகவே கோரப்படவேண்டியது பெரியதொன்றன்று. ஒவ்வொரு ஐந்தாண்டுச் சுற்றிலும் வாயின் மென்தசை நோய்களை அறிதல் கட்டாய பாடமாகவேண்டும். அதில் நிழற்படங்கள் மட்டுமன்றி, நாக்கின் ஓரம், நாக்கின் அடிப்புறம், கன்னம், கழுத்து ஆகியவற்றைப் பார்த்தும் தொட்டும் பழகும் செய்முறையும் இடம்பெறவேண்டும். புகைப்பீர்களா என வினவுவோர், பாக்கு மெல்லுவீர்களா எனவும் வினவக் கற்கவேண்டும்.

இவ்விடத்தில் இன்னொரு தடையையும் சொல்லியாகவேண்டும். அரச ஆதரவில் வாழும் அகதி விண்ணப்பதாரர் எச்.சி.2 சான்றிதழுடன் தேசிய சுகாதார சேவையின் பல் வைத்தியரிடம் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். ஆனால் புதியவரை ஏற்கும் வைத்தியரைக் கண்டுபிடிப்பதே கடினம். பற்சுகாதாரப் பணியாளரிடம் நேரே செல்லும் வழியோ பெரும்பாலும் தனியார் கட்டணத்துக்குரியது; அங்கு இச்சான்றிதழ் செல்லுபடியாகாது. அதிக ஆபத்தில் உள்ளவரே அக்கதிரையில் அரிதாக அமர்கிறார்.

எம்மிடமும் கடமை உண்டு. வெற்றிலைத் தட்டம் எமது மங்கல நிகழ்வுகளின் அடையாளம்; சாப்பாட்டின் பின் பாக்குச் சீவலை வாயிலிடும் மூத்தோர் இங்கும் உளர். படிவத்தில் புகைத்தலைப் பற்றி மட்டுமே கேட்டிருந்தாலும், பாக்கு மெல்லும் பழக்கத்தை மறைக்காமற் சொல்லுங்கள். பல்லை மாத்திரமன்றி வாயின் உட்புறத்தையும் பார்க்கும்படி கேளுங்கள். காரணம் தெரியாத புண் மூன்று வாரங்களுக்கு மேல் ஆறாதிருந்தால், புற்றுநோய்ச் சந்தேகத்துக்குரிய அவசரப் பரிசோதனைக்கு அனுப்புவது பற்றி ஆராயவேண்டும் என்பது அந்நாட்டு வழிகாட்டு நெறி. 2023 ஒக்ரோபர் முதல் இங்கிலாந்தில், அவ்வாறு அனுப்பப்படுவோருக்கு 28 நாட்களுள் புற்றுநோய் உண்டா இல்லையா எனத் தெரிவிப்பதே இலக்காக உள்ளது. அந்த 28 நாட்கள் தொடங்குவதற்கு, முதலில் யாரேனும் ஒருவர் புண்ணைக் கண்டிருக்க வேண்டும்.